பானட்டின் சூடு

சாயங்காலம் ஐந்தரைக்கு அடுக்ககத்தின் வாசலைத் தாண்டும்போதே அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. வண்டிகள் நிற்கும் இடத்தின் கடைக்கோடியில், சுவரை ஒட்டி, அவர்களுடைய பழைய வெள்ளைக் கார் பூட்டியபடி நிற்கிறது. உள்ளே ரேடியேட்டர் ஃபேன் மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்து நாளில் இது நான்காவது தடவை. இஞ்சின் சூடானால்தானே ஃபேன் சுற்றும்? ஓட்டினால்தானே சூடாகும்? ஓட்டியது யார்? சாவி அவள் கைப்பையில். பகலில் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஆள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவள் கணவனுக்கு வலிப்பு வந்தது. கார் சாலை நடுவிலிருந்த தடுப்பின் மேல் ஏறி நின்றது. பின்சீட்டில் மகள். ஆளுக்கொரு கீறலோடு போயிற்றே என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்தான். ஆனால் அந்த மீட்டர் போன வருஷமே செத்துப்போயிற்று.

அவள் வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வெறும் வயிற்றில்தான் வந்தேன் என்று கண்ணிமைக்காமல் சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். சர்க்கரை அளவு வந்ததும் ஆசாமியின் சாயம் வெளுத்துவிடும். அதனால் கட்டின புருஷனே ஆனாலும், ரிசல்ட் வராமல் யாரையும் நம்புகிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

"இன்னைக்கு எங்க போனீங்க?"

"எங்கயும் போகலை."

"அப்போ ஃபேன் தானா சுத்துதாக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? போய் ஃபேன்கிட்டயே கேளு."

காதில் பூச்சுற்றுகிறானே மனுஷன் என்று பொருமிக்கொண்டு தம்பிக்கு ஃபோன் போட்டாள். தம்பி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலை டூல்ஸ் பையோடு வந்தான். அவன் வந்த நேரத்துக்கு ஃபேனும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கணவன் கையைக் கட்டிக்கொண்டு தூணோரமாக நின்றான். தம்பி பானட்டைத் தூக்கி உள்ளே கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"அக்கா, இத்தனை நாள்ல ஒரு தடவையாவது இஞ்சினைத் தொட்டுப் பாத்தியா?"

அவள் தொடவில்லை. சத்தம் கேட்டதும் நேராக மாடியேறிப் போய்ச் சண்டை பிடித்ததோடு சரி. இப்போது தொட்டாள். இஞ்சின் சில்லென்று இருந்தது.

தம்பி ரேடியேட்டரின் அடியில் குனிந்து ஒரு வயரைப் பிடுங்கினான். ஃபேன் நின்றது. "தண்ணி கொதிச்சா ஃபேனைப் போடணும், ஆறினா நிறுத்தணும். இந்தக் குட்டி சென்சாருக்கு இருக்குறதே அந்த ஒரு வேலைதான். ஆறி இருக்கறப்போ இதுக்குள்ள கரண்ட் போகவே கூடாது." கரண்ட் பார்க்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தான். மீட்டர் கீச்சென்று கத்தியது. "பாத்தியா? பச்சைத் தண்ணியில உக்காந்துக்கிட்டு கொதிக்குது கொதிக்குதுன்னு ஊரைக் கூட்டுது. நினைச்சா கத்தும், நினைச்சா அடங்கும். மாமா பாவம்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. கணவன் பக்கம் திரும்பி, "தப்பா நினைச்சுட்டேன்," என்றாள்.

"பரவாயில்லை. பத்தே பத்து நாள்தானே," என்றான் அவன்.

தம்பி பழசைக் கழற்றிவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த புது சென்சாரை முடுக்கினான். கழற்றும்போது சிந்தின கூலன்ட் தண்ணீருக்குப் புதிதாக ஊற்றி நிரப்பினான். அவளிடம் சாவி வாங்கித் திருகினான். இஞ்சின் ஒரே திருகில் பட்டென்று பிடித்துக்கொண்டது. சூடேறியதும் ஃபேன் சுற்றியது, கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றது. கையைத் துடைத்தபடி தம்பி வியந்தான். "பேட்டரி பிரமாதம் மாமா! பத்து நாளா ஃபேன் சும்மா சுத்திக் கரண்டைக் குடிச்சிருக்கு. நடுவுல யாரும் ஸ்டார்ட் பண்ணாம இருந்தா எப்பவோ படுத்திருக்கும்..." சொல்லும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, அவசர அவசரமாக ஸ்பானர்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கணவன் மாடிக்குப் போய்விட்டு வந்து, ஒரு மாற்றுச் சாவியை அவள் கையில் வைத்தான்.

"இதோட ரெண்டே சாவிதான். ஸ்டார்ட் மட்டும்தான் பண்ணுவேன். ஒரு அடி நகர்த்தலை."

"எதுக்கு?"

"நீ வேலைக்குப் போயிடுற. பாப்பா ஸ்கூலுக்குப் போயிடுறா. அந்த சீட்ல உக்காந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டா, நானும் எங்கயோ கிளம்புற ஆள் மாதிரி இருக்கு."

அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கட்டிக்கொண்டு அழலாமா, நாலு வார்த்தை கேட்கலாமா என்று தெரியாமல் சாவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். இதாவது வெறும் வயிற்றில் சொன்னதுதானா?

மறுநாள் சாயங்காலம் வாசலைத் தாண்டியபோது சத்தமே இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே! இரண்டு சாவியும் அவளிடம்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டே சாவிதான் என்று சொன்னதும் அவன்தானே. படிக்கட்டை நோக்கிப் போன கால்கள் கடைக்கோடிக்குத் திரும்பின. பானட்டின் மேல் கை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சாய்ந்த வெயில் அந்த மூலையில்தான் விழும். பக்கத்துச் சுவரிலும் இன்னொரு கையை வைத்துப் பார்த்தாள். அதுவும் வெதுவெதுப்புத்தான். எது கூட, எது குறைச்சல்? கைகளை மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, அங்க என்ன பண்றே?" மாடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் அவள் அப்பா. ஸ்கூல் பஸ் நாலரைக்கே வந்துவிடும்; இப்போது மணி ஐந்தரை. மகளின் தோளில் இன்னும் புத்தகப் பை தொங்கியது.

"ஒண்ணுமில்லடா," என்றாள். சொல்லிவிட்டு, மறுபடியும் கைகளை மாற்றி வைத்தாள்.