பன்னிரண்டரை கான்வாய்

மூன்றாவது முறையாக அங்கம்மா ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். வசந்தகுமாரி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அம்மாவின் கையைப் போர்வைக்குள் வைத்தாள். ரப்பர் பட்டையைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டாள். விரலில் மாட்டியிருந்த கருவி எழுபத்தொன்பது காட்டியது.

“வேணாம்மா. கொஞ்ச நேரம்.”

சொர்ணம்மா அத்தை கையில் டம்ளரோடு கதவருகில் நின்றாள். செத்துப்போன அப்பாவின் தங்கை. காலையில் மின்னி பே வீட்டிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பால் காய்ச்சினாள். அது ஆறி, ஆடை கட்டி, திரும்பச் சூடாகி, திரும்ப ஆறியிருந்தது.

“கையப் புடிச்சுப் புடிச்சு வக்கிறியே, அவ என்னா கேக்குறான்னு கேட்டியா புள்ள?”

“மாஸ்க்க எடுத்தா அஞ்சு நிமிசம் தாங்காது அத்தை.”

“தாங்குறதுக்கா நான் பாலோட நிக்கிறேன்?”

வசந்தகுமாரி கட்டில் ஓரத்தில் கிடந்த தாளை எடுத்து எழுதினாள். 10.20 – 79. அதற்கு மேலே நேற்றுக் காலையிலிருந்து ஐம்பது வரிகள் இருந்தன.

போன் அடித்தது. தம்பி அன்பழகன். காட்டுக்கு அந்தப் பக்கம் ரங்கத்தில் ரோடு காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறான்.

“ஒம்பதர கான்வாய் போயிருச்சுக்கா. பாராடாங் ஃபெரியில எனக்கு எடம் கெடைக்கல. அடுத்ததுல ஏறி இந்தப் பக்கம் எறங்கி வர்றேன், கேட்ட மூடிட்டாங்க. கால்ல விழுகாத குறை. ரூல் ரூல்ங்கிறான்.”

“அடுத்தது?”

“பன்னெண்டரைதான். நான் வர மூணு, மூணர ஆயிரும்.” அவன் மூச்சு வாங்கியது. “அக்கா, ஞாயித்துக்கெழமையே வரவான்னு கேட்டேன்ல.”

“கேட்ட.”

“நம்பர் நல்லாருக்கு, காங்கிரீட்ட முடிச்சிட்டு வான்ன.”

“ஆமா.”

“அம்மாவ வச்சிரு. நான் வர்ற வரைக்கும் வச்சிரு.”

“வச்சிருக்கேன்.”

காட்டு வழியில் தனியாக வண்டி விடமாட்டார்கள். போலீஸ் முன்னும் பின்னும் வர, குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் போக வேண்டும். தவறினால் மூன்று மணி நேரம். தீவில் கல்யாணமும் கருமாதியும் அந்த நேரத்துக்குத்தான் நடக்கும்.

வசந்தகுமாரி பதினோரு வருஷமாக மெயின்லேண்டில் இருக்கிறாள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம். மார்பகப் புற்றுநோய்ச் செல்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஆக்சிஜனை ஒரு சதவீதத்துக்கு இறக்கி, அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அவற்றில் பல சாவதில்லை. ஆக்சிஜன் இருக்கும்போது உண்டான உடனே அழிந்துபோகும் ஒரு புரதம், அது குறைந்ததும் அழியாமல் நின்றுவிடும். உட்கருவுக்குள் போய், தூங்கிக்கிடந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக எழுப்பும். சர்க்கரையை வேறு விதமாக எரிக்கச் சொல்லும். புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும். ஒட்டியிருந்த இடத்தை விட்டு நகரச் சொல்லும். பெட்டியின் கதவைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் அந்தப் புரதம் பாதியாகிவிடும். அதனால் நேரம் வருமுன் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால், திறந்த நேரத்தைத் தாளில் எழுத வேண்டும்.

இதையெல்லாம் ஒருமுறை லீவில் வந்தபோது அம்மாவுக்குச் சொன்னாள். அங்கம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மூச்சு முட்டுனா சாவாதா அது?”

“சாவாதும்மா. வேற வழி தேடும். எடம் மாறிப் போயிரும்.”

“அப்ப நம்மள மாதிரிதான்” என்றாள் அங்கம்மா. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவள். சுனாமிக்குப் பிறகு இந்தப் பத்துபஸ்திக்கு வந்தவள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் வசந்தகுமாரி ஒரு கட்டு நோட்டீஸ் அனுப்பினாள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பெண்கள் தாங்களே தடவிப் பார்ப்பது எப்படி, படத்தோடு. அங்கம்மா தெரு முழுக்கக் கொடுத்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அப்போதே அவளுக்குக் கட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் அது தெரிந்த அன்று வசந்தகுமாரி, ஏன் சொல்லவில்லை என்று கத்தினாள்.

“நீ அதத்தானே படிக்கிற” என்றாள் அங்கம்மா. “படிச்சு முடின்னு இருந்தேன்.”

பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டு சுரேந்திரன் ஆட்டோவில் சிலிண்டர் கொண்டுவந்தான். தோளில் சுமந்து வந்து இறக்கி, ஸ்பேனரால் பழையதைக் கழற்றினான். குழாய் பிரிந்திருந்த ஒரு நிமிடத்தில் கருவி அறுபத்தெட்டுக்கு இறங்கியது. வசந்தகுமாரி மாஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், அதனால் ஏதோ ஆகப்போவதுபோல.

“ஜல்தி, சுரேந்திரா.”

“ஆச்சுக்கா. ஏக்தம் ஃபுல்லு. சாயங்காலம் வரைக்கும் டென்ஷன் இல்ல.”

சிலிண்டர் மீட்டரின் முள் பச்சைக் கோட்டின் கடைசியில் போய் நின்றது. பாட்டிலில் தண்ணீர் குமிழிட்டது. அவள் திருகை இன்னும் கொஞ்சம் திறந்தாள். கட்டி பரவி நுரையீரலில் இடம் இல்லை என்று ஸ்கேனில் அவளே பார்த்திருக்கிறாள். பத்து லிட்டர் விட்டாலும் பதினைந்து விட்டாலும் ஒன்றுதான் என்றும் அவளுக்குத் தெரியும். பதினைந்தில் வைத்தாள்.

“காத்த ஏத்திக்கிட்டே இரு. அவ என்ன சைக்கிள் டியூப்பா?” என்றாள் அத்தை.

சுரேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

“அன்பு வரணும் அத்தை.”

“வருவான். அதுவரைக்கும் உசுரு நிக்கணும்ல? தொண்டை நனையாம போனா அந்தப் பாவம் ஒனக்கு ஏன்? மகன் ஊத்துனா என்னா, மக ஊத்துனா என்னா.”

“நான் அவன்கிட்ட சொல்லிருக்கேன்.”

“அவகிட்ட கேட்டியா?”

அங்கம்மாவின் கை போர்வைக்கு வெளியே வந்தது. இந்த முறை மாஸ்க்குக்குப் போகவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. ரப்பர் மரத்தில் கத்தி பிடித்த கை. அந்தப் பிடியில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வசந்தகுமாரி குனிந்தாள். மாஸ்க்கை ஒரு விரல் அளவுக்குத் தூக்கினாள்.

“அன்பு எங்க?”

“காட்டுக்குள்ள வந்துட்டான்மா. பாதி வழி வந்தாச்சு.”

அங்கம்மாவின் கண் சுவருக்குப் போனது. கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. அங்கிருந்து மகளின் முகத்துக்குத் திரும்பி வந்தது. ஒன்பதரை வண்டிகள் எப்போதோ காட்டைத் தாண்டியிருக்கும். அடுத்த வரிசை இன்னும் கேட்டிலேயே நிற்கும். பன்னிரண்டு பத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரும் எவனும் பாதிக் காட்டில் இருக்க முடியாது. தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“பன்னெண்டரை” என்றாள் அங்கம்மா. மூச்சு எடுத்தாள். “மூணு ஆயிரும்.”

வசந்தகுமாரி மாஸ்க்கை இறக்கப் போனாள். மணிக்கட்டில் அம்மாவின் பிடி இறுகியது.

“சரி” என்றாள் அங்கம்மா. “ஊத்து.”

அத்தை அருகில் வந்து டம்ளரையும் ஸ்பூனையும் நீட்டினாள். 

வசந்தகுமாரி பட்டையை ஒரு காதிலிருந்து கழற்றினாள். மறு காதிலிருந்து கழற்றினாள். மாஸ்க்கைத் தலையணை மேல் வைத்தாள். அது அங்கே கிடந்து சீறியது. முதல் ஸ்பூன் உள்ளே போனது. தொண்டை அசைந்ததைப் பார்த்தாள். இரண்டாவதும் போனது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். கருவியில் எண் போய் இரண்டு கோடுகள் வந்தன. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தாளிலும் எழுதவில்லை.

அத்தை அங்கம்மாவின் கண்களை மூடிவிட்டாள். தாடைக்குத் துணி கிழித்துக் கட்டினாள். அப்புறம்தான் குரலெடுத்தாள்.

போன் அடித்தது.

“கேட் தொறந்துட்டாங்கக்கா! நான்தான் நாலாவது வண்டி. அம்மா எப்படி இருக்கு? அங்க என்ன சத்தம்?”

“வா” என்றாள் வசந்தகுமாரி.

“அக்கா? கேக்கல…”

தொடர்பு அறுந்தது. காட்டுக்குள் சிக்னல் கிடையாது. காடு முடியும் ஜிர்காடாங் வரைக்கும் ஒன்றரை மணி நேரம் அவனுக்கு அம்மா உயிரோடு இருந்தாள். அங்கே வண்டி வந்ததும் சுரேந்திரன்தான் போனில் சொன்னான்.

மூன்றரைக்கு அன்பழகன் வந்தான். செருப்பில் சிமென்ட் காய்ந்திருந்தது. கூடத்தில் அம்மாவைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவன் அழுதுகொண்டு வரவில்லை. நேராக உள்ளறைக்குப் போனான். சிலிண்டர் முன் நின்று முள்ளைப் பார்த்தான்.

“தீரலையே.”

“தீரல” என்றாள் வசந்தகுமாரி, பின்னால் நின்று.

“அப்ப?”

கூடத்திலிருந்து அத்தை எழுந்து வந்தாள். “டேய் அன்பு, ஒங்கம்மாதான்டா…”

“நான்தான் எடுத்தேன்” என்றாள் வசந்தகுமாரி.

அவன் அக்காவைப் பார்த்தான். ஏதோ கேட்கப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஜன்னலில் இருந்த டம்ளரை எட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் பால் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

அங்கம்மாவின் கன்னத்திலிருந்து காது வரைக்கும் பட்டை அழுத்திய தடம் இருந்தது. அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கட்டைவிரலால் அந்தத் தடத்தைத் தேய்த்தான். போகவில்லை. விரலை எச்சில் தொட்டு, இன்னும் மெதுவாக, திரும்பத் தேய்த்தான்.