எழிலன் புளிக்க வைத்த தொட்டி

குமராட்சியில் கொளஞ்சியப்பனின் புழுங்கலரிசி ஆலைக்கு யார் வந்தாலும் எழிலன் அவர்களைப் பின்பக்கத் தொட்டிக்குத்தான் முதலில் இழுத்துக்கொண்டு போவான். நெல் ஊறவைத்த தண்ணீர், மஞ்சளாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு, அதற்கு முன்பெல்லாம் நேராக வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்த கொளஞ்சியப்பனிடம், சிதம்பரத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்த எழிலன் தானாகப் போய் நின்றான். காற்றுப் புகாத தொட்டி ஒன்று கட்டினால் தண்ணீரும் தெளியும், எரிவாயுவும் கிடைக்கும், தனக்கு முனைவர் பட்டமும் கிடைக்கும் என்றான். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் மெல்லச் சொன்னான்.

தொட்டி கட்டி, சாணத்தைக் கரைத்து ஊற்றி, 2007 கடைசியில் அது ஓடத் தொடங்கியது. அதிலிருந்து வந்த வாயுவில்தான் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தேநீர் கொதித்தது. எழிலனுக்குத் தலைகால் புரியவில்லை. நெல் ஏற்றிவந்த லாரி ஓட்டுநரைக்கூட விடாமல் நிறுத்திவைத்து விளக்கினான்.

"உள்ள ஒரு கூட்டுக்குடும்பம் இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாது. ஒரு கூட்டம் மாவுச்சத்த ஒடச்சிப் போடும். அடுத்தது அதப் புளிக்க வெக்கும். கடைசியா இருக்கிறதுங்க அந்தப் புளிப்பத் தின்னுட்டு மீத்தேன் விடும். அதுங்க ரொம்ப நிதானம். அவசரப்படுத்தினா அவ்ளோதான், குடும்பமே கெட்டுப்பூடும்."

லாரி ஓட்டுநர் தலையாட்டிவிட்டு, மூத்திரம் போக இடம் எங்கே என்று கேட்டார்.

அடுத்த கோடையில், கடலூரிலிருந்து அதிகாரிகள் சிலர் தொட்டியைப் பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்தது. கூடவே ஒரு பத்திரிகை நிருபரும் வருவாராம். எழிலன் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தான். சுடர் தேநீருக்குப் போதுமானதாக இருந்தது. புகைப்படத்துக்குப் போதாது என்று அவனுக்குத் தோன்றியது. அவ்வளவுதான். தொட்டிக்குள் போகிற ஊறல் தண்ணீரின் வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். மறுநாளும் திறந்துவிட்டான். திடீரென்று அதிகக் கழிவுநீரை ஊற்றினால் அமிலம் ஏறி மீத்தேன் விடும் உயிர்கள் முடங்கிப்போகும் என்று ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன் அவன்தான். அந்த அத்தியாயத்தை எல்லாருக்கும் படிக்கக் கொடுத்திருந்தான். அவன் மட்டும் படிக்கவில்லை போலும்.

அதிகாரிகள் வந்தார்கள். எழிலன் கூட்டுக்குடும்பத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, மாயவித்தைக்காரன்போல் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எரியும் தீக்குச்சியை அடுப்பருகே கொண்டுபோனான். குச்சி அணைந்தது. இன்னொன்று, அதுவும் அணைந்தது. வாயு வரத்தான் செய்தது, புஸ் என்ற சத்தமும் கேட்டது; ஆனால் அதில் எரிவதற்கு ஒன்றும் இல்லை. தீப்பெட்டி காலியானபோது தொட்டிப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடையும் புளிச்ச வாடையும் சேர்ந்து வந்தன. நிருபர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். புகைப்படம் எடுக்கவில்லை என்பதில் எழிலனுக்குச் சின்ன ஆறுதல்.

அவர்கள் போன பிறகு கொளஞ்சியப்பன் தொட்டியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன சார், குடும்பத்துல சண்டையா?"

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மாலை வேலையாட்களுக்கான தேநீர் மறுபடி விறகடுப்பில் கொதித்தது.

சிதம்பரத்தில் ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அனுப்பிரியாவிடம் சொன்னான். அவளும் ஆராய்ச்சி மாணவிதான். சேற்றில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்பதை அவற்றின் மரபணுவைக் கொண்டு கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் வால்வை மூடச் சொன்னாள், சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைக்கச் சொன்னாள். இரண்டையும் ஏற்கெனவே செய்துவிட்டதாகச் சொன்னபோது, "அப்ப மூணாவதா ஒண்ணுமே செய்யாதீங்க. அதுங்களே எழுந்து வரும்" என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எழிலனால் ஆகிற காரியமா? வால்வைத் திறந்த கை பரபரத்தது. கொளஞ்சியப்பன் முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கடலூருக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலையில் இதே மாதிரித் தொட்டி ஒன்று பல வருடங்களாக ஓடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். அங்கிருந்து கொழகொழவென்று கறுத்த சேற்றைக் கொண்டுவந்து ஊற்றினால் செத்ததுகளின் இடத்தில் புதுசுகள் குடியேறிவிடும் என்று கணக்குப் போட்டான்.

ஆலைக்காரர்கள் தாராளமாகவே கொடுத்தார்கள். அவன் கொண்டுபோயிருந்த பிளாஸ்டிக் கேனைக் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, போதாததற்கு மேலே டேப் சுற்றினான். இந்த உயிர்களுக்குக் காற்று பட்டால் ஆகாது. அதில் அவன் மிகவும் கவனமாக இருந்தான். வழியில் செம்மண்டலத்தில் அக்கா சௌந்தரத்தின் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். கேனை வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள்.

"பட்டணத்துப் பசங்கள்லாம் கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டுப் போறானுங்க. நீ என்னடா சாக்கடையத் தூக்கிக்கிட்டு அலையிற?"

அது சாக்கடை இல்லை என்று விளக்கியபடியே கேனை மதில் சுவரின்மேல் வைத்தான். மீன் குழம்பு ருசியாக இருந்தது. அதனால் விளக்கமும் நீண்டது. வெளியே சித்திரை வெயில் கேனைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. கேனைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். பக்கத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஓர் இளைஞன் கையில் கோப்புடன் உட்கார்ந்தான். பெயர் ராபர்ட், சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றான். புதுச்சத்திரம் தாண்டும்போது கேன் வயிறு உப்பியிருப்பதை எழிலன் பார்த்தான். நல்ல வீரியமான சேறு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான். வாயு விடுகிறதுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவனுக்கு, அதுகள் கேனுக்குள்ளும் வாயு விடும் என்பது அந்த நொடிவரை தோன்றவில்லை.

தோன்றியபோது பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. மூடி டேப்பைப் பிய்த்துக்கொண்டு கூரையில் அடித்தது. பின்னாலேயே சேறு எழும்பியது.

பெரும்பகுதி எழிலன் மேலேயே விழுந்தது என்பதுதான் அவன் பிற்பாடு சொல்லிக்கொண்ட ஒரே நியாயம். மிச்சம் ராபர்ட்டின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை வழிந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழிலன் ஆய்வேட்டில் ஹைட்ரஜன் சல்பைடு என்று இரண்டே வார்த்தையில் எழுதியிருந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் அதற்கு வேறு பல வார்த்தைகள் வைத்திருந்தார்கள். நடத்துநர் விசிலை ஊதி வண்டியை நிறுத்தி, ஆளையும் கேனையும் இறங்கச் சொன்னார். ராபர்ட்டும் கூடவே இறங்கினான்.

ரோட்டோரத்துக் கைப்பம்பில் இருவரும் கழுவிக்கொண்டார்கள். ராபர்ட் திட்டவில்லை. கறை போகாத சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழிலன் பையில் ஆய்வகத்துக்கென்று வைத்திருந்த மாற்றுச் சட்டை ஒன்று இருந்தது. இளநீலம், காலர் சுத்தம். அதை எடுத்துக் கொடுத்தான். மனசு கேட்காமல், இதெல்லாம் எதனால் நடந்தது என்று குடும்பக் கதையையும் ஆரம்பித்தான். ராபர்ட் பொத்தான் போட்டபடியே பொறுமையாகக் கேட்டான்.

"இவ்ளோ தெரிஞ்சவரு, மூடியக் கொஞ்சம் லூசா வுட்டிருக்கலாம்ல?"

அடுத்த பஸ்ஸில் ராபர்ட் ஏறிப் போனான். அவனுக்கு அந்த வேலை கிடைத்ததா என்பது எழிலனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எழிலனை எந்தப் பஸ்ஸும் ஏற்றவில்லை. நெல் மூட்டை ஏற்றிப்போன ஒரு மினி லாரியின் பின்னால், பனியனோடு, மூடியில்லாத கேனின் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு குமராட்சி போய்ச் சேர்ந்தான். மிஞ்சியிருந்ததைத் தொட்டியில் ஊற்றினான்.

சில வாரங்களில் சுடர் திரும்பியது. முதலில் நீலமாக ஒரு நடுக்கம். பிறகு நிலையாக நின்றது. கொளஞ்சியப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழிலன் தன் பேச்சில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டான்: கடலூர்ச் சேற்றோடு வந்த விருந்தாளிகள் நொடித்த குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதை. அதையே ஓர் அத்தியாயமாக எழுதவும் தொடங்கினான். ஆதாரத்துக்காக, தொட்டி கெடுவதற்கு முன்பே எடுத்து ஆய்வகத்தில் உறையவைத்திருந்த பழைய சேறு, கடலூர்ச் சேறு, இப்போதைய சேறு மூன்றையும் அனுப்பிரியாவிடம் கொடுத்தான்.

அவள் முடிவைக் காட்டக் கூப்பிட்டபோது, வாழ்த்தத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனான். திரையில் மூன்று நெடுவரிசைகள். ஒவ்வொரு வகை உயிருக்கும் ஒரு கோடு. ஆலையின் பழைய சேற்றில் இருந்த கோடுகள் எல்லாம் இப்போதைய சேற்றிலும் அதே இடத்தில் பளிச்சென்று நின்றன. கடலூர்ச் சேற்றுக்கே உரிய கோடுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

"எங்க என் ஆளுங்க?" என்று கேட்டான்.

"யாரும் தங்கல. இருந்ததுங்கதான் எழுந்து வந்திருக்கு. நீங்க போட்ட சுண்ணாம்பே போதும்."

எழிலன் திரையில் விரல் வைத்துக் கோடுகளை இன்னொரு தடவை எண்ணினான். பிறகு சிரிப்பு வந்தது. முதலில் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அனுப்பிரியா பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் அதுவரை மறைத்துவைத்திருந்த பஸ் கதையை அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னான். பனியன் பகுதி வந்தபோது அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எழுதிய அத்தியாயத்தை அன்றைக்கே அழித்தான். வெளியிலிருந்து ஊற்றிய சேற்றால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை, பழைய சமூகமே மீண்டது என்று புதிதாக எழுதினான். அதுதான் கடைசியில் அவன் ஆய்வேட்டிலேயே தேறியதாகத் தேர்வாளர்கள் சொன்ன அத்தியாயம். 2010ல் பட்டமும் வந்தது.

கொளஞ்சியப்பனிடமும் போய் உள்ளதைச் சொன்னான். அவர் ஆலை வாசலில் நின்று, தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். முடிவில், மறுநாள் கூடுதலாக நெல் வருகிறது, தொட்டிக்கும் கொஞ்சம் கூடுதலாக விடலாமா என்றார்.

"வேணாம்ணே. ஒரு வாரம் போவட்டும்" என்றான் எழிலன். அவர் வால்வுப் பக்கம் நகர்ந்தபோது இவனும் கூடவே நகர்ந்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.