மூன்று வால் யானை

காலை ஏழு மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் துரை எட்டு மணி ரயிலில் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் வந்து இறங்குவார். ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் காட்ட வைத்திருந்த யானையைக் காணோம்.

பிள்ளைகள் ஒரு மாதமாகச் சுவரில் தீட்டிய யானை. கரி, செங்கல்பொடி, துணிக்குப் போடும் நீலம். சுவர் அசிங்கமாக இருக்கிறதென்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கனகராஜ் ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டு அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

சந்திரமதிக்கு அழுகை முட்டியது. பிள்ளைகளில் யானைக்குக் கோடு போட்டவள் அவள். சாரலில் கரையக் கூடாதென்று சனிக்கிழமை அதன்மேல் ரப்பர் பால் பூசியவளும் அவள்தான். அதற்குச் சபாபதி வாத்தியார் விட்ட டோஸ் இன்னும் காதில் இருந்தது.

"பால் காஞ்சா மஞ்சளாயிடும்னு தெரியாதா? ஒங்கம்மா பாலுக்கு மரம் வெட்டறவங்கதானே?"

சுண்ணாம்பு ஓரிடத்தில் உப்பியிருந்தது. நகத்தால் கிள்ளினாள். மரத்தில் காய்ந்த பாலை உரிப்பதுபோல் நீளமாக ஒரு நாடா வந்தது, சுண்ணாம்போடு. அடியில் ஒரு கண்.

"வாத்தியாரே! யானை முழிக்குது!"

வாத்தியார் ஓடி வந்து பார்த்தார். கோட்டைக் கழற்றி எறிந்தார்.

"என்ன வேடிக்கை? இழுங்க!"

முப்பது பிள்ளைகளும் சுவரில் விழுந்தார்கள். ஜெயபாலன் இழுத்த வேகத்தில் மல்லாந்தான்; ரப்பர் தோல் அவன் முகத்தில் அறைந்தது. எல்லாருக்கும் வெள்ளை மீசை, வாத்தியாருக்கும். துதிக்கை வந்தது. வயிறு வந்தது. வால் மட்டும் ரப்பரோடு போய்விட்டது.

"வால நான் போடறேன்!"

"போடா, நீ போட்டா எலி வாலு!"

வழக்குத் தீர்க்க நேரமில்லை. மூன்று பேர் மூன்று கரித்துண்டை எடுத்தார்கள். வாசலில் கார் சத்தம் கேட்டபோது யானைக்கு மூன்று வால்.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தாள் சந்திரமதி.

"இருக்கட்டும்லா, ரெண்டு உபரி," என்றான் ஜெயபாலன்.

உரித்த ரப்பரை வாத்தியார் சுருட்டி நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். துரை நுழைந்ததும் எழுந்தார். ரப்பரும் கூடவே எழுந்தது.

துரை யானையைப் பார்த்தார். வால்களை எண்ணினார். தொப்பி விழுமளவுக்குச் சிரித்தார். இதை யாரும் தொடக் கூடாதென்று மலாயில் உத்தரவு போட்டார். சந்திரமதி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

துரைக்குப் பின்னால் நின்ற கிராணி சுவரைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

"வாத்தியாரே, ஒங்க வேட்டியில தொங்குதே, அது என்னா?"