விசிறியில் படிந்த திருநீறு

மார்கழி கொழும்பின் வெள்ளவத்தைக்குக் குளிரைக் கொண்டுவருவதில்லை. கடற்காற்றில் ஓர் அடக்கத்தையும் வைகறை மணியோசையில் ஓர் ஏக்கத்தையும் மெல்லப் பரப்பிச் செல்லும். அந்த அமைதி மங்களேஸ்வரனின் நெஞ்சைத் தொடவில்லை. மார்கழிப் பாடல்களுக்கு உரை எழுதும் பொறுப்பைக் கோயிற் சபை மச்சான் கேதாரநாதனுக்குக் கொடுத்த நாள்முதல் அவனுக்கு வயிறு எரிந்தது.

இப்போது மச்சானின் கணினி அடிக்கடி அசைவற்று நின்றது. உரை நாளைக்குள் அச்சகம் சேராவிட்டால், சபை மங்களேஸ்வரன் எழுதிவைத்திருந்த உரையையே அச்சிடும். ஆயினும் கணினி திருத்தத் தெரிந்த உறவினன் அவன் ஒருவனே என்பதால், கேதாரநாதன் அவனையே வீட்டுக்கு அழைத்திருந்தான்.

“உன்ர தமிழைத் தாங்கேலாமல் நிண்டிட்டுது போல,” என்றான் மங்களேஸ்வரன்.

“பகிடியை விட்டிட்டுப் பார், மச்சான். பத்து வரி அடிக்க முன்னம் ஸ்டக்காகுது.”

அவன் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே விசிறி சுழல முடியாதபடி வெண்பொடி அப்பியிருந்தது. சூடேறித்தான் கணினி நின்றிருக்கிறது.

“இதென்ன?”

“திருநீறு. எழுதத் தொடங்க முன்னம் ஒவ்வொருநாளும் மேலே தூவிக் கும்பிடுறனான்.”

‘மதர்போர்ட் போய்விட்டது’ என்று ஒரு பொய் சொன்னால் போதும். அது நாநுனிவரை வந்தது. தன் உரையின் முதல் வரியைத் தொடங்கும்போது, மச்சானை வெல்வதன்றி வேறெதை நினைத்தான் அவன்? பொய்யை விழுங்கிவிட்டுத் தூரிகையை எடுத்தான்.

விசிறி சுழன்றது, திரை தடையின்றி ஓடியது.

“இனி உன்ர நெத்தியோட நிப்பாட்டு,” என்றான்.

தூரிகையால் உதிர்த்த நீற்றை அவன் வீசவில்லை. கடதாசியில் ஏந்தி, கண்மூடி, நெற்றி நிறையப் பூசிக்கொண்டான்.

கேதாரநாதன் அவன் தோளைத் தொட்டான்.

“அம்மாளாச்சி உன்னை ஒரு குறையுமில்லாமல் வைச்சிருக்கட்டும், மச்சான்.”