தசரதன் வந்தால் சுருங்கும் வீடு

எங்கள் தெருவில் விஷம் வந்தால் வீடுகள் சுருங்கும். போன மாசியில் ஆய்வகத்துக்காரர்கள் வந்து சுவர்களுக்கும் கிணற்றுக்கும் நானோ பூச்சு அடித்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான். தொட்டாற்சிணுங்கி இலையைப் பார்த்துச் செய்த பூச்சு அது. இலைக்கு விரல் பட்டால் எப்படியோ, இதற்குத் தோல் பதனிடப் போடும் குரோமியம் பட்டால் அப்படி. முன்பெல்லாம் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்போம். இப்போது நின்ற இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

சுருங்குவது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எதிரெதிர்ச் சுவர்கள் மெதுவாகச் சாய்ந்து ஒன்றோடொன்று சேரும், கூரை நடுவில் மடியும். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வர நேரம் இருக்கும். விஷம் விலகி அரைமணி ஆனதும் வீடு தானாக விரியும். உள்ளே டம்ளர்கூட இடம் மாறியிருக்காது. கிணறாக இருந்தால் கைப்பிடிச் சுவரைக் குவித்து வாயை மூடிக்கொள்ளும்.

என் கணவர் தசரதன் தோல் கம்பெனியில் பதினெட்டு வருடம் டிரம் பார்த்தவர். தோலும் குரோமியமும் சேர்ந்து உருளும் பெரிய மர டிரம். தெருவில் மற்றவர்கள் எல்லாம் செருப்பு தைக்கப் போகிறவர்கள். டிரம் வேலை இவருக்கு மட்டும்தான். பூச்சு அடித்த அன்று மாலை இவர் சைக்கிளை வாசலில் நிறுத்தியதும் வீடு சுருங்கியது. நானும் மகள் தேன்மொழியும் வெளியே வந்தோம். மூன்று பேரும் மின்கம்பத்தடியில் நின்று பார்த்தோம். பூச்சுக்குப் பத்தடிதான் எட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் பதினோராவது அடியில் பாயைப் போட்டுக்கொண்டார்.

புளி போட்டுத் தேய்த்துக் குளித்தார், தலையை மழித்தார், நகத்தை ஒட்ட வெட்டினார். வீடு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆய்வகத்துப் பொறியாளர் பிரிசில்லா வந்து பார்த்தார். பூச்சு சரியாகத்தான் வேலை செய்கிறது, விஷம் தோலில் இல்லை, உள்ளே இறங்கியிருக்கிறது என்றார். வேண்டுமானால் சுரண்டி எடுத்துவிடலாம், ஆனால் எல்லாம் ஒரே பூச்சு, வீட்டில் எடுத்தால் கிணற்றிலும் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் தேன்மொழிக்கு எந்த நம்பிக்கையில் தண்ணீர் கொடுப்பது? பூச்சு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தசரதன் லேசில் விடுகிற ஆள் இல்லை. தினமும் மாலையில் நேரே வாசலுக்கு வந்து, வீட்டைச் சுருங்கவைத்துவிட்டு, அதன் பிறகுதான் தன் பாய்க்குப் போவார். கோபித்துக்கொண்ட பெண்டாட்டியைச் சீண்டுகிற மாதிரி இருக்கும். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கடைசியில் அது கண்டுகொள்ளாது. நாற்பத்தேழாம் நாள் சுவர்கள் லேசாக அசைந்து அப்படியே நின்றுவிட்டன. அவர் உள்ளே வந்து, அவரைத் தவிர யாரும் கிழிக்காத தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கிழிக்க ஆரம்பித்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ‘உள்ளே இறங்கியிருக்கிறது’ என்ற பேச்சு என்னை விடவில்லை. அவர் இருமும்போதெல்லாம் காதில் கேட்டது. வேலையை விட்டுவிடச் சொன்னேன், விட்டார். பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்தார். நாலு மாதத்தில் இருமல் நின்றது, வருடக்கணக்காக ஆறாத மூக்குப் புண் ஆறியது. ஐந்தாம் மாதம் ஒரு காலையில், அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீடு சுருங்கத் தொடங்கியது. தட்டோடு வெளியே வந்தோம். அரைமணி ஆயிற்று, மத்தியானமும் ஆயிற்று. விரியவில்லை.

பிரிசில்லா வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

“இவர் உடம்புல இருந்ததையும் சேர்த்துத்தான் இது வீடுன்னு பழகியிருக்கு. இப்ப அது இல்லைன்னதும் என்னவோ தப்பு நடந்துட்டதா நினைக்குது” என்றார். பதிவேட்டில் பூச்சு நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தசரதன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப நான் டிரம்முக்கே திரும்பிப் போவட்டா கோமளா? வூடுன்னு ஒண்ணு வேணுமே.”

“நீங்க போவ வேணாம். நான் போறேன்.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். டிரம்மிலிருந்து வடிகிற தண்ணீர் ஒரு குடம் வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, வரிசையில் நிற்கச் சொன்னார். எனக்கு முன்னால், இதே பூச்சு அடித்த அடுத்த தெருப் பெண்கள் நாலு பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

அந்த நீலப் பச்சைத் தண்ணீரை வாசலில் தெளித்தேன். கோலம் போட்டு முடிப்பதற்குள் வீடு விரிந்துவிட்டது. தசரதன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அதைத்தான் தெளிக்கிறேன்.

தெளித்தது மண்ணில் ஊறி, கிணறு முதல் வாரமே வாயை மூடிக்கொண்டது. இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து சமாளித்தோம். போன செவ்வாய்க்கிழமை அதுவும் வீட்டைப் போலப் பழகித் திறந்துகொண்டது. தேன்மொழி தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறாள்.