அறுபதில் ஒட்டிவைத்த டயல்

காலையில் பட்டறையைத் திறந்ததும் 'சரிங்க' முதலில் செய்கிற வேலை, பிளாஸ்மா கட்டரின் டயலைத் துணியால் துடைப்பது. மெஷின் முழுவதும் புகையேறிக் கறுத்துக் கிடக்கும். அதை அவன் சட்டை செய்யமாட்டான். டயல் மட்டும் பளபளக்க வேண்டும். அதன் முள் அறுபதில் நின்றிருக்கும். நிற்காமல் எங்கே போகும்? நகராதபடி கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவைத்தவனே அவன்தானே.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருந்தது. ஆனால் முதலாளி ஒரு பேச்சைத் தொடங்கி முடிப்பதற்குள் மூன்று தடவை "சரிங்க" சொல்லிவிடுகிற வாய் அவனுக்கு. அதனால் பட்டறையில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. முதலாளி வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்றால் கொளுத்துகிற வெயிலில் ஓடிப்போய்த் தகடுகளை உள்ளே எடுத்து வைப்பான். முதுகெலும்பு என்று ஒன்று அவனுக்கு இருந்தது உண்மை. சட்டை மாட்டுவதற்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தினான்.

பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மா கட்டர் என்பது காற்றையே மின்சாரத்தால் நெருப்பாக்கி உலோகத்தை அறுக்கிற கருவி. எவ்வளவு மின்சாரம் என்பதை டயலில் வைக்க வேண்டும். கனத்த இரும்புக்கு அதிகம் வேண்டும். மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு அதையே வைத்தால் தகடு வெட்டுப்படாது, உருகி ஒழுகும். வெட்டின கோடு விரல் பருமனுக்கு அகலும், சூட்டில் தகடு அப்பளமாய் நெளியும், அடிப்பக்கம் முழுக்கப் பிசிறு இறுகிப்போய் ரம்பப் பல்லாக நிற்கும். இந்தப் பட்டறையில் வெட்டுவது அலமாரிக் கதவுக்கான மெல்லிய அலுமினியத் தகடுகளைத்தான்.

இது சரிங்கவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மெஷின் வந்த அன்றே கழிவுத் துண்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு பகல் முழுக்கப் பழகிப் பார்த்தவன் அவன். முப்பதில் வைத்து, நெருப்பைப் பீய்ச்சுகிற டார்ச்சின் முனையில் சின்ன நாசிலை மாட்டி, கையைத் தயங்காமல் ஓட்டினால் தகடு வெண்ணெயாய்ப் பிரியும் என்று கண்டுபிடித்ததும் அவன்தான். ஓரத்தைத் தடவிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதைக் கூட வேலை பார்க்கிற வெல்டர் பார்த்திருக்கிறான்.

அன்று மாலையில்தான் முதலாளி வந்தார். புது மெஷினைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், டயலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருகினார். "அறுபது வரைக்கும் போகுதா! பலே!" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். மறுநாள் காலையில் சின்ன நாசில் துணியில் சுற்றி இழுப்பறைக்குள் போயிற்று. பெரிய நாசில் டார்ச்சில் ஏறிற்று. டயல்மேல் டேப் விழுந்தது.

"என்னண்ணே இது?" என்றான் வெல்டர்.

"மொதலாளி வச்ச அளவு."

"அவரு வச்சாரா? சும்மா திருகிட்டுல்ல போனாரு?"

"பெரியவங்க எதையும் சும்மா செய்யமாட்டாங்கடா. நாமதான் குறிப்பறிஞ்சு நடந்துக்கணும்."

அவன் குறிப்பறிந்ததன் பலன், தகடுகள் போய்ச் சேருகிற அடுத்த மேசையில் தெரிந்தது. பிசிறை அரத்தால் ராவுகிற அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் வேறு யாருமில்லை, அவன் மனைவி. காலையிலிருந்து மாலைவரை அவள் கை ஓயாது. ராவ ராவ அடுத்த தகடு அதைவிட மோசமாக வந்து விழும். கையுறை போட்டிருந்தாள், பிசிறு அதையும் தின்று விரல் விரலாக வெளியே எடுத்துவிட்டிருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் குழாயடியில் கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அந்த அளவைக் கொஞ்சம் குறைச்சு வச்சுப் பாருங்களேன். கை கழுவினா எரியுது. சோத்தைப் பிசையக்கூட முடியலை."

"உனக்கு வேலை நோகாம இருக்கணும்னு மொதலாளி வச்சதை நான் மாத்தணுமா?"

"மாத்த வேணாம். கேளுங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை. கேட்டா கடிச்சா வச்சிருவாரு?"

"கேட்டா, நீங்க வச்சது தப்புன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகாதா? என்மேல எவ்வளவு மரியாதை வச்சிருக்காரு தெரியுமா?"

"அவரு உங்கமேல வச்சிருக்கற மரியாதையை நான்தான் தினமும் ராவிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். அவன் காதில் விழுந்தது. விழாததுபோல ஈரக் கையை உதறிக்கொண்டு போனான்.

முகத்தில் கரி பூசிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, அந்த அறுபதை அவன் தொடர்ந்து ஓட்டினான். ஒவ்வொரு தகடும் மனைவியின் மேசைக்குப் போவதைப் பார்க்காமலிருக்க, வெட்டும்போது போடுகிற முகமூடி அவனுக்கு வசதியாக இருந்தது.

நடக்கவேண்டியது ஒரு முற்பகலில் நடந்தது. நெளிந்த தகடு ஒன்றை அவள் மேசையில் அழுத்திப் பிடித்து ராவிக்கொண்டிருந்தாள். நெளிவு சட்டென்று எதிர்ப்பக்கம் துள்ளியது. பிசிறு நின்ற ஓரம் அவள் வலது கட்டைவிரலின் அடியில் இறங்கி மணிக்கட்டை நோக்கி ஓடியது. அவள் கத்தவில்லை. விரலைப் பார்த்தாள். மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை. அப்போதுதான் கத்தினாள்.

வெல்டர் ஓடிவந்து துணியைச் சுற்றினான். "அண்ணே, வண்டியை எடுக்கறேன். பின்னாடி உட்கார்ந்து அண்ணியைப் பிடிச்சுக்கங்க."

சரிங்க முகமூடியைக் கழற்றினான். இரண்டடி வைத்தான். வெளியே முதலாளியின் கார் ஹாரன் கேட்டது. அந்த இரண்டடியோடு நின்றான்.

"நீயே கூட்டிட்டுப் போடா. மொதலாளி வந்துட்டாரு. நான் இல்லைன்னா யாரு பதில் சொல்றது?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ரத்தம் சொட்டுகிற கையைத் தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

முதலாளி வந்தது ஒரு கதவோடு. வாங்கினவர் திருப்பி அனுப்பிய கதவு.

"ஏம்ப்பா, இது ஏன் இப்படி நெளிஞ்சு கிடக்கு? சாத்தினா சாத்தமாட்டேங்குது."

"தகடு சரியில்லைங்க, மொதலாளி."

"தகடா? நானும் அதான் நினைச்சேன்."

"நீங்க நினைச்சா தப்பாகுமாங்க?"

இப்படியே ஒருவர் தலையை ஒருவர் ஆட்டிவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். தகடு விற்றவன், தகடு செய்தவன், லாரியில் ஏற்றினவன் என்று ஊரிலுள்ள எல்லோரும் குற்றவாளி ஆனார்கள். மேசையடியில் ரத்தம் சிந்திக் கிடந்ததை முதலாளி பார்த்துவிடுமுன் அவன் ஒரு கோணியைக் காலால் தள்ளி அதன்மேல் மூடினான்.

வண்டி திரும்பி வந்தது. கையில் பெரிய கட்டோடு அவள் இறங்கினாள். வெல்டர் சொன்னான்: "நரம்பு அறுந்துருச்சாம் மொதலாளி. தையல்தான் போட்டிருக்காங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். அங்க போனாலும் விரல் மடங்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாதாம். வழியில அண்ணி இங்க நிறுத்தச் சொன்னாங்க."

முதலாளி திடுக்கிட்டார். "என்னம்மா ஆச்சு? எனக்கு யாருமே சொல்லலையே!"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. நேரே அவரிடம் கேட்டாள்.

"மொதலாளி, இந்த டயலை அறுபதுல வைக்கச் சொன்னது நீங்கதானா?"

"நானா?"

"மெஷின் வந்தன்னைக்கு நீங்க திருகி வச்சீங்களாம். அதைத் தொடக்கூடாதுன்னு டேப் போட்டிருக்கு."

முதலாளி டயலருகே குனிந்தார். "ஏம்மா, புது மெஷின்னா கை சும்மா இருக்குமா? திருகிப் பார்த்தேன். எந்தத் தகட்டுக்கு எந்த அளவுன்னு எனக்கென்ன தெரியும்? இந்த டேப்பைப் பார்த்தேன். மெஷின் வித்தவன் அப்புறமா வந்து ஒட்டிட்டுப் போனதுன்னு நினைச்சுக்கிட்டேன்." நிமிர்ந்து சரிங்கவைப் பார்த்தார். "எதுல வைக்கணும்? வச்சுக் காட்டு."

அவன் நகத்தால் டேப்பைச் சுரண்டினான். இழுப்பறையைத் திறந்து, தேடாமலே, துணியில் சுற்றின சின்ன நாசிலை எடுத்து மாட்டினான். காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரசரில் தேங்கின தண்ணீரைத் திறந்துவிட்டான். முள்ளை முப்பதுக்குக் கொண்டுவந்தான். ஒரு கழிவுத் துண்டில் கொஞ்சம் மெதுவாக ஓட்டினான். அடியில் பிசிறு கட்டியது. பக்கத்திலேயே வேகமாக ஓட்டினான். பொறி தகட்டுக்குக் கீழே நேராக இறங்கியது. துண்டு டங்கென்று தரையில் விழுந்தது.

முதலாளி அது ஆறும்வரை பொறுத்து, ஓரத்தில் விரலை ஓட்டினார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பட்டறையே அவனைப் பார்த்தது. அவனோ முதலாளியின் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதில் இந்த முகத்துக்குப் பிடிக்கும் என்று, மனைவியின் ரத்தம் காயாத மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த நேரத்திலும் தேடினான்.

"நீங்க இப்பக் கேட்டதும்தாங்க தோணுச்சு. எல்லாம் உங்க யோசனைதான், மொதலாளி."

வெல்டர் காறித் துப்புவதற்கு வெளியே போனான்.

"தோணினதும் இழுப்பறையில நாசில் முளைச்சுதாக்கும்?" என்றாள் அவள்.

அவன் மறுபடி நிமிர்ந்து பார்த்தான். முதலாளியின் முகத்தில் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் அவனைப் பார்ப்பதையே விட்டிருந்தார். தலையாட்டிக் காட்ட எதிரே ஒரு முகம் இல்லாதபோது அவனிடம் மிச்சமிருந்தது உண்மை மட்டும்தான்.

"மொத நாளே தெரியும்" என்றான் தரையைப் பார்த்து.

"பயந்து வாயை மூடியிருந்தீங்கன்னா போகட்டும்னு விட்டிருப்பேன்" என்றாள் அவள். குரல் உயரவேயில்லை. "இவரு ஒரு நாள்கூட உங்களை அதட்டினதில்லை. நல்ல பேருக்கு ஆசைப்பட்டு மூடினீங்க. அவருக்கு வலிக்கக்கூடாதுன்னு பார்த்தீங்க, எனக்கு வலிச்சதைப் பார்க்கலை." முதலாளி பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் மொதலாளி. தலையாட்டற சத்தம் காதுக்கு சுகமா இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டீங்களா?"

முதலாளி கதவைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

வெல்டர் வண்டியை முடுக்கினான். சரிங்க முகமூடியை மேசையில் போட்டுவிட்டு ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது. முதலாளியிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

"நான் வர்றேன். நான் பிடிச்சுக்கறேன்."

"வாங்க" என்றாள் அவள். "ஆனா இப்ப வந்து பிடிக்கறது பெரிசில்லை. இனி ஒருத்தர் தப்புப் பண்றாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, அவரு எவ்வளவு பெரியவரா இருந்தாலும் அங்கேயே நின்னு சொல்லுங்க. தெரிஞ்சும் தலையாட்டறதுக்குப் பேரு மரியாதை இல்லைங்க. நீங்க மேல பார்த்து ஆட்டற தலை, கீழ இருக்கறவங்க கையைத்தான் அறுக்குது."