ஆட்காட்டிக்குக் காவல்

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. எதையும் நம்பாமல் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வேலை முடிந்த பிறகும் என்னை விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் பறவை பார்க்கப் போவோம்: பல் டாக்டரம்மா, பஸ் கண்டக்டர், கறிக்கடைக்காரர், நான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள பொட்டலில் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் கறிக்கடைக்காரர். வெறும் தரையில், கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். கூடு விஷயத்தில் எங்களுக்கு ஒரே விதி: வாரம் ஒருமுறை, எல்லோரும் சேர்ந்து, ஐம்பது அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். தனியாக யாரும் போகக் கூடாது.

அவர் அதைக் காட்டியபோது நான் அவர் கைகளைத்தான் பார்த்தேன். கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் தினமும் கம்பி வேலியைத் தாண்டிப் பொட்டலுக்குள் நடந்து முட்டைகளை எண்ணினேன். திருடனைப் பிடிக்கப் போகிறவளுக்கு விதி பொருந்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மூன்று. சனிக்கிழமை இரண்டு.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "தற்செயலா அந்தப் பக்கம் போனேன் டாக்டர். ரெண்டுதான் இருக்கு. கறிக்கடைக்காரர இனிமே வர வேணாம்னு சொல்லிடுங்க."

"கண்ணால பாத்தியா?"

"பாக்கணுமா? அவர் தொழிலே அதுதானே."

"நான் பல்லப் பிடுங்குறவ. நாளைக்கு என்னையும் சந்தேகப்படுவ. எதுவானாலும் அவர் முன்னாடியே வந்து சொல்லு."

ஞாயிறு நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. மூவரும் வேலிக்கு வெளியே தள்ளி நின்றிருந்தார்கள். ஆட்காட்டி அசையாமல் அடைகாத்துக்கொண்டிருந்தது. தினசரிப் பழக்கத்தில் நான் வேலியைத் தாண்டியதும் அலறிக்கொண்டு எழுந்து என் தலைக்கு மேல் சுற்றியது.

"என்னக்கா, உங்களுக்கு மட்டும் விசில் அடிக்குது? டிக்கெட் எடுக்கலியா?" என்றார் கண்டக்டர்.

கறிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. மின்கம்பத்தைக் காட்டினார். அங்கே ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்து, என்னையும் திறந்து கிடந்த முட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தது.

"சீக்கிரம் வெளிய வாங்கம்மா. உங்களப் பாத்தா ஆட்காட்டி எந்திரிக்கும்னு காக்காவுக்குப் பழகிப்போச்சு. எத்தன நாளா வர்றீங்க?"

டாக்டரம்மா என்னையே பார்த்தார். தற்செயல் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"தினமும்," என்றேன். "நீங்க எடுத்துடுவீங்கன்னு காவலுக்கு வந்தேன்."

கறிக்கடைக்காரர் பைனாகுலரைக் கையில் எடுத்தார். "என் கடையில இந்த முட்டையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றார். அது கோபமா, கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வேலிக்கு வெளியே வந்து நின்றேன். பறவை இறங்கி உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து அது எழுந்து முட்டைகளைப் புரட்டியபோது, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அவர் எனக்காக இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்.

இரண்டுதானா? ஒரே ஒருமுறை நானே போய் எண்ணிவிட்டால் நிம்மதி என்று கால் பரபரத்தது. வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.